பால் காய்ச்சாத வீடு

இசக்கி பஸ்ஸுக்குக் கிளம்பினால் அவள் வாடகைக்கு இருந்த வீடும் கூடவே கிளம்பிவிடும் என்பது கொல்லங்குளத்தைச் சுற்றி இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆடு மேய்க்கிறவர்களைக் கேளுங்கள், மினி பஸ் டிரைவரைக் கேளுங்கள், கரண்ட் ஆபீஸ் லைன்மேனைக் கேளுங்கள், ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்களே தவிர இல்லையென்று ஒருத்தரும் சொல்லமாட்டார்கள். வீடு என்றால் பங்களா ஒன்றும் இல்லை, ஒரு ஹால், ஒரு அடுப்படி, பின்னால் ஒரு குளியலறை, மொட்டை மாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, வெளியே வெளிர்பச்சைப் பெயின்ட், அவ்வளவுதான். அது ஏன் நடந்தது என்று ஆராய்ச்சி பண்ணுகிறவர்கள் பண்ணட்டும், அதற்குத்தான் பக்கத்திலேயே பல்கலைக்கழகம் இருக்கிறதே. நமக்கு அது எங்கே போய் நின்றது என்பதுதான் சங்கதி.

இசக்கி வாழைத்தார் சுமக்கிற சுடலைமுத்துவின் ஒரே மகள். எம்.எஸ்ஸி. விலங்கியலுக்கு இடம் கிடைத்து, டிரங்குப் பெட்டியும் பக்கெட்டுமாக வந்து இறங்கினால், ஹாஸ்டல் நிரம்பிவிட்டது, வெளியே பார்த்துக்கொள் என்றுவிட்டார்கள். வெளியே என்றால் கிழக்கு கேட் தெரு. அந்தத் தெருவில் வாசலுக்கு வாசல் ‘வீடு வாடகைக்கு’ என்று அட்டை தொங்கும். இசக்கி கேட்டைத் தட்டுவாள், உள்ளேயிருந்து ஒரு அம்மா வருவாள், கேட்டைத் திறக்காமல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே சிரித்த முகமாக “எந்த ஊரும்மா?” என்பாள், இவள் ஊரைச் சொல்வாள், “ஊர்ல எந்தத் தெரு?” என்பாள், இவள் தெருவைச் சொல்வாள். அந்தச் சிரிப்பு அப்படியேதான் இருக்கும், ஆனால் வீட்டுக்கு மட்டும் போன வாரமே யாரிடமோ அட்வான்ஸ் வாங்கியிருப்பார்கள். அட்டை பாட்டுக்குக் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்.

அப்படிக் கேட்டவர்களில் மூலை வீட்டுப் பகவதி அம்மாள்தான் ரொம்ப மரியாதை. வெயிலில் நிற்கிறாயே பிள்ளை என்று உள்ளே போய், பழைய பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றில் தண்ணீர் பிடித்துவந்து கம்பி வழியே நீட்டி, “பாட்டிலை நீயே வச்சுக்கோம்மா, திருப்பித் தரவேண்டாம்” என்றாள். இசக்கிக்கு நல்ல தாகம், குடித்தாள். பாதி குடித்த பிறகுதான் பாட்டில் ஏன் திரும்ப வேண்டாம் என்பது உறைத்தது. அந்தத் தெருவின் முனையில்தான் கடையநல்லூர் மைமூனைப் பார்த்தாள், அதே வகுப்பு, அதே அலைச்சல். மைமூனிடம் தெருவைக்கூட யாரும் கேட்கவில்லை, பேரே போதுமாக இருந்தது. இரண்டு பேரும் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைப் பங்குபோட்டுக் குடித்துவிட்டு, சேர்ந்தே தேடுவோம் என்று புறப்பட்டார்கள்.

கிடைத்தது செல்லத்தங்கத்தின் வீடு. அவள் பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளர், புருஷன் போனபிறகு சேர்த்துவைத்ததையெல்லாம் போட்டு, பல்கலைக்கழகத்தின் பின்பக்க கேட் இங்கேதான் வரப்போகிறது என்று புரோக்கர் அடித்துச் சொன்னதை நம்பி, குளத்துக்கு அந்தப் பக்கம் உடைமரக் காட்டுக்குள் கட்டிய வீடு அது. கேட் வரவில்லை. ரோடு வரவில்லை. புரோக்கரும் அதற்கப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை. செல்லத்தங்கம் ஊரையும் கேட்கவில்லை, தெருவையும் கேட்கவில்லை. “படிக்கிற பிள்ளையளா? சரி. சுவத்துல ஆணி அடிப்பீயளா?” என்று மட்டும் கேட்டாள். மாட்டோம் அக்கா என்றார்கள். “அடிச்சா அன்னைக்கே காலி பண்ணணும். ஆணிங்கிறது வீட்டுக்கு வலிக்கும் பாத்துக்கோ. நல்ல நாள் பாத்துப் பால் காய்ச்சிட்டுச் சாமானை ஏத்துங்க” என்று சாவியைக் கொடுத்தாள்.

அன்றைக்கென்று அடைமழை. பால் வாங்கவேண்டுமானால் குளத்தைச் சுற்றிக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போகவேண்டும், இரண்டு பேரும் முழங்கால் வரை சேறு, பசி வேறு உயிரை எடுக்கிறது. மைமூன் கேஸ் அடுப்பைப் பற்றவைத்து நூடுல்ஸுக்குத் தண்ணீர் வைத்தாள், பேச்சு சுவாரஸ்யத்தில் அது கொதித்து வழிந்து அடுப்பை அணைத்தது. “ஏட்டி, பால் காய்ச்சணும்னாங்களே” என்றாள் இசக்கி. “எது பொங்கினா என்ன, பொங்கிட்டுல்லா?” என்றாள் மைமூன். அதோடு இரண்டு பேரும் அதை மறந்துபோனார்கள். ஆனால் பாருங்கள், தனக்குள்ளே குடிவந்தாயிற்று என்பது பால் பொங்கி வழிந்தால்தான் ஒரு வீட்டுக்குத் தெரியும். தெரியாத வீடு என்ன நினைக்கும்? இந்தப் பிள்ளைகள் எங்கேயோ போகிறவர்கள், நாமும் கூடப் போகிறோம் என்றுதானே நினைக்கும்.

சுடலைமுத்து போனில் கேட்டார், வீடு கேட்டுக்குப் பக்கம்தானா என்று. “பக்கந்தாம்ப்பா” என்று இசக்கி வாய் கூசாமல் சொன்னாள். வேறு என்ன சொல்வாள்? லேப்பில் கொசுப்புழுக்களை வளர்த்து எண்ணி எழுதிவிட்டு வெளியே வரும்போது கடைசி மினி பஸ் போயிருக்கும், குளத்தங்கரையில் செல்போன் வெளிச்சத்தில் முள்ளுக்குள் நடந்துதான் வருகிறாள் என்று சொன்னால் அந்த மனுஷன் தாங்குவாரா? “தை பிறக்கட்டும், ஒரு நாள் வந்து பாக்கேன்” என்றார் அவர். “பக்கமா இருந்தா இரு. காட்டுக்குள்ள கிடந்துச்சுன்னா பொட்டியைக் கட்டிட்டு என்கூட வந்துரு, ஏளா. படிக்கவேண்டாம்னு சொல்லல. உன்னை அங்க விட்டுட்டு எனக்கு இங்க தாரு தூக்க முடியாது.” இசக்கி போனை வைத்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் காலையில்தான் வீடு நடந்தது. இசக்கி பையை மாட்டிக்கொண்டு உடைமரங்களுக்கு நடுவே போகிறாள், பின்னால் சருகு நொறுங்குகிற சத்தம் கேட்கிறது, திரும்பிப் பார்த்தால் வீடு வருகிறது. நிறைமாதக்காரி நடக்கிற நடைதான், ஆனாலும் நிற்காமல் வந்தது. மைமூன் அடுப்படி ஜன்னலில் டம்ளரோடு நின்று, “ஏட்டி, டீ சிந்தவே இல்ல!” என்று கத்தினாள். இசக்கி மினி பஸ் ஏறி மறைகிற வரைக்கும் அது வந்தது, அவள் கண்ணுக்கு மறைந்ததும் எங்கே நின்றதோ அங்கேயே நின்றுகொண்டது. சாயங்காலம் திரும்பிவந்தால், முள்ளுக்காட்டுக்குள் நடக்கவேண்டிய தூரம் கொஞ்சம் குறைந்திருந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம் குறைந்தது.

செல்லத்தங்கம் கேள்விப்பட்டு ஓடிவந்தாள். வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து சுவரைத் தடவிப் பார்த்தாள், தரையைக் குனிந்து பார்த்தாள், கடைசியில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “ஆணி கீணி அடிச்சீயளா?” என்றாள். இல்லக்கா என்றார்கள். “அப்ப சரி” என்று பெருமூச்சு விட்டாள். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து, “கேட் வரும் வரும்னு பாத்துப் பாத்து எனக்கே அலுத்துப்போச்சு, அதுக்கு அலுக்காதா?” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஊர் என்ன சொல்லிற்று என்றால், ஊர் முதலில் வேடிக்கை பார்த்தது, அப்புறம் அவரவர் வேலையைப் பார்த்தது. ஆட்டுக்காரர்கள் வீடு வருகிற நேரம் தெரிந்து கிடையை ஓரமாகப் போட்டார்கள். லைன்மேன் முதலில் நாலு திட்டுத் திட்டிவிட்டு ஒயரை நீட்டிக் கொடுத்தார், ஒரு கட்டத்தில் அவரே சைக்கிளில் ஒயர்ச் சுருளோடு வந்து “இன்னைக்கு எதுவரைக்கும் போவுதாம்?” என்று கேட்டுக்கொண்டார். கேன் தண்ணீர்க்காரர் வாடிக்கை விட்டுப்போகாமல் பின்னாலேயே வந்தார். கக்கூஸ் என்ன ஆயிற்று என்று சிலர் கேட்கிறார்கள். அப்படிக் கேட்கிறவர்கள் வாடகை வீட்டில் குடியிருந்தவர்களாக இருக்கமுடியாது, இருந்தவர்களுக்குத் தெரியும், எல்லாவற்றுக்கும் ஒரு வழி இருக்கிறது, அதை வெளியே சொல்லிக்கொண்டிருக்கமாட்டோம். பஞ்சாயத்து எல்லையைத் தாண்டி மாநகராட்சி எல்லைக்குள் வீடு கால்வைத்த அன்று இரண்டு பக்கத்து ஆட்களும் வீட்டுத் தீர்வை யாருக்கு என்று சண்டைபோட்டு, வீடு நின்றபிறகு பேசிக்கொள்ளலாம் என்று டீ குடிக்கப் போய்விட்டார்கள். எதிரே ஒரு சாவு ஊர்வலம் வந்தபோது வீடு ஓரமாக ஒதுங்கி நின்று வழிவிட்டதாம், அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்கள். காணாமல்போன புரோக்கர்கூடத் திரும்பிவந்து, கேட்டுக்குப் பக்கமாகப் போகப் போக வாடகையை ஏற்று அக்கா என்று செல்லத்தங்கத்தின் காதில் ஓதினான். “அந்தப் பிள்ளை பின்னால அது நடக்கு. நானா அதைத் தூக்கிச் சுமந்தேன்? போவே உம்ம சோலியப் பாத்துக்கிட்டு” என்று அவள் விரட்டிவிட்டாள்.

வீடு குளத்தங்கரை ஏறி இறங்கியதும்தான் கிழக்கு கேட் தெரு கூடிக் கூடிப் பேச ஆரம்பித்தது. அந்தத் தெருவுக்கு ஒரு நலச் சங்கம் உண்டு, அதற்குச் செயலாளர் பகவதி அம்மாளின் புருஷன் சங்கரலிங்கம். யாருக்கும் கெடுதல் நினைக்காத மனுஷன் என்று அவரே சொல்லிக்கொள்வார். பால் காய்ச்சாத கதையை மைமூன் டீக்கடையில் உளறிவைத்தது அவர் காதுக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கத்து ஆட்கள் நாலைந்து பேரோடு, புதுப் பானை, பால் பாக்கெட், வெற்றிலை பாக்கு சகிதம் குளத்தங்கரைக்கு வந்துவிட்டார்.

“ரொம்ப சந்தோஷம்மா. அருமையான இடம். குளத்துக் காத்து, நல்ல வெளிச்சம். இன்னைக்கு நல்ல முகூர்த்தம், இங்கேயே பாலைக் காய்ச்சி அமைதியா இருந்துக்கோங்க. செலவெல்லாம் சங்கத்தோடது” என்றார்.

இசக்கிக்குப் புரிந்துவிட்டது. இங்கே காய்ச்சினால் வீடு இங்கேயே வேர்விட்டுவிடும். முள்ளுக்காட்டுக்கு இது மேல்தான், ஆனால் இதுவும் ஆளில்லாத குளத்தங்கரைதான், அப்பா வந்து பார்த்த நிமிஷமே பெட்டியைக் கட்டச் சொல்வார். “எங்க அப்பா வந்தாத்தான் அங்கிள் காய்ச்சுவோம்” என்றாள்.

“அப்ப அப்பா வர்ற வரைக்கும் நீ நடக்காம இரு.”

“நாளைக்கு எனக்கு பிராக்டிகல் இருக்கு அங்கிள்.”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வந்த கோபத்தில் விறுவிறுவென்று அடுப்படிக்குள் போய்த் தானே பானையை ஏற்றினார். பால் நன்றாகத்தான் பொங்கியது, கூட வந்தவர்கள் கைதட்டினார்கள், எல்லோரும் திருப்தியாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் குடியிருக்கிறவள் கையால் காய்ச்சாத பால் வெறும் பால்தானே. மைமூன் அதில் டீ போட்டாள். ரொம்ப நாளைக்கப்புறம் நல்ல டீ குடித்தார்கள். திங்கட்கிழமை காலையில் இசக்கி கிளம்பினாள், வீடும் கிளம்பியது.

கேட்டுக்குப் போக அந்தத் தெருவை விட்டால் வேறு வழி இல்லை. முனைக்கு வந்ததும் இசக்கி நின்றுவிட்டாள், வீடும் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றது. தெருவின் இரண்டு பக்கமும் ஸ்கூட்டர்கள், குறுக்கே கேபிள் ஒயர்கள், வாசலுக்கு வாசல் ஆட்கள். கேட்டுக் கேட்டுத் திருப்பி அனுப்பிய அத்தனை முகங்களும் அங்கே நின்றன. அவளுக்குத் திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது. வீட்டைக் கூட்டிக்கொண்டு எங்கே ஓடுவது? வீட்டுக்குப் பின்னால் பால் வண்டி நின்றது, அதற்குப் பின்னால் ஸ்கூல் ஆட்டோ, அதற்குப் பின்னால் இன்னும் என்னென்னவோ, எல்லாம் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன.

மூலை வீட்டு கேட் திறந்தது. பகவதி அம்மாள் கையில் பேரனின் சாப்பாட்டுக் கூடையோடு தெருவில் இறங்கி, வீட்டை மேலிருந்து கீழே பார்த்தாள், இசக்கியைப் பார்த்தாள், கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள்.

“ஏட்டி! உன்னைய வீட்டுக்குள்ள விடலைன்னு வீட்டையே கூட்டிட்டு வந்துட்டியே!”

“அதுவாத்தான் வருது ஆன்ட்டி” என்றாள் இசக்கி.

“அதுவா வந்துச்சோ நீயா கொண்டாந்தியோ, என் பேரனுக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு. அதை நகரச் சொல்லு.”

“ஸ்கூட்டர் நிக்குதே ஆன்ட்டி. எப்படி நகரும்?”

பகவதி அம்மாள் ஸ்கூட்டரைப் பார்த்தாள். அது அவள் புருஷனுடையது. “ஏங்க! இதை உள்ள எடுத்து விடுங்க!” என்று ஒரு சத்தம் போட்டாள். சங்கரலிங்கம் வாசலில் நின்று, சங்கத்துத் தீர்மானம் என்று என்னவோ ஆரம்பித்தார். “உங்க தீர்மானம் வந்து பிள்ளையை ஸ்கூல்ல விடுமா?” என்று அவளே ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து தள்ளினாள். அப்புறம் பாருங்கள், அடுத்த வீட்டுக்காரருக்கும் ஆபீஸுக்கு நேரமாகிறது, எதிர்வீட்டுக்காரிக்கும் பால் வரவேண்டியிருக்கிறது, ஒவ்வொருத்தராக வண்டியை எடுத்தார்கள், துணிக்கொடிக் கம்பைக் கொண்டுவந்து கேபிள் ஒயரைத் தூக்கிப்பிடித்தார்கள், “இந்தப் பக்கம், இந்தப் பக்கம், சன்ஷேடு இடிக்கும், கொஞ்சம் ஒடிச்சுத் திரும்பு” என்று வீட்டுக்கு வழிசொன்னார்கள். எரிச்சலில்தான் செய்தார்கள், ஆனாலும் செய்தார்கள். மனசு இளகியெல்லாம் யாரும் அன்றைக்கு வழிவிடவில்லை, அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

வீடு போய் நின்றது கேட்டுக்கு முந்தின காலி மனையில். அண்ணன் தம்பி வழக்கில் வருஷக்கணக்காகக் கிடந்து தெருவே குப்பை கொட்டுகிற இடம். அண்ணனுக்கும் தம்பிக்கும் செய்தி போய், இரண்டு பேரும் எத்தனையோ காலத்துக்குப் பிறகு போனில் பேசி, கேஸ் முடிகிற வரைக்கும் நிற்கட்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். கேஸ் முடிவதற்குள் இந்தப் பிள்ளை பேரன் பேத்தி எடுத்துவிடும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். இரண்டு வீட்டுக்காரர்கள் ஜன்னலுக்குக் கனத்த திரை வாங்கிப் போட்டார்கள். பகவதி அம்மாள் வெள்ளிக்கிழமை எவர்சில்வர் கிண்ணத்தில் சுண்டல் கொண்டுவந்து வைத்துவிட்டு, “கிண்ணத்தைக் கழுவி சாயங்காலமே கொண்டாந்து தந்துரு, எனக்கு செட்டு உடைஞ்சிரும்” என்றாள். இசக்கி அந்தக் கிண்ணத்தை இரண்டு தடவை கழுவினாள். திருப்பிக் கொடுக்கப் போனபோது கேட் திறந்தே கிடந்தது.

ஒரு தொந்தரவுதான். காலையில் இசக்கி கிளம்பினால் வீடு இன்னும் பின்னாலேயே வந்தது. கேட்டில் வாட்ச்மேன் கையை நீட்டி மறித்து, “ஐ.டி. கார்டு இல்லாம உள்ள விடமுடியாது” என்று வீட்டைத் திருப்பி அனுப்புவார். அது தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மனைக்குத் திரும்பும். இசக்கிக்கு மனசு கேட்கவில்லை. தைக்குக் காத்திருக்கவேண்டாம், சனிக்கிழமையே வாங்கப்பா என்று போன் பண்ணினாள்.

சுடலைமுத்து ஒரு சீப்பு நாட்டுப்பழமும் ஒரு மஞ்சப்பையுமாக வந்தார். வாசலில் நின்றிருந்த இசக்கி அவர் தெருமுனையில் தயங்கி நிற்பதைப் பார்த்தாள். அந்த மாதிரித் தெருக்களின் முனையில் அவர் எப்போதும் அப்படித்தான் நிற்பார், குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். மூலை வீட்டிலிருந்து பகவதி அம்மாள் எட்டிப் பார்த்து, “யாரைப் பாக்கணும்? எந்தத் தெரு?” என்று கேட்டுவிட்டாள்.

அந்த மனுஷன் எத்தனை ஊரில், எத்தனை வாசலில் கேட்ட கேள்வி! இசக்கி ஓடினாள், ஓடுகிறாள், அதற்குள் பகவதி அம்மாள் அவர் மூக்கையும் நெற்றியையும் உற்றுப் பார்த்து, “அட, இசக்கி அப்பாவா? அச்சு அசல் அவ மூஞ்சி. இந்தத் தெருதான், உள்ள வாங்க. முதல்ல செருப்பைப் போடுங்க, கண்ணாடிச் சில்லு கிடக்கு. நீங்க வந்தாத்தான் பால் காய்ச்சுவேன்னு உங்க மவ ஒத்தக்கால்ல நிக்கா, வீடு என்னடான்னா தினம் எங்க வாசலை உரசிட்டு அலையுது” என்று படபடவென்று பொரிந்தாள். சுடலைமுத்து செருப்பைக் கீழே போட்டுக் காலை நுழைத்துக்கொண்டார். தெருவின் நடுவில் நடந்து வந்தார்.

பானையை இசக்கியும் மைமூனும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து அடுப்பில் வைத்தார்கள். செல்லத்தங்கம் வந்திருந்தாள், பகவதி அம்மாள் வந்திருந்தாள், லைன்மேன் வாசலில் நின்றார். பால் மெல்ல நுரைகட்டி, ஏறி, விளிம்பைத் தொட்டு, எல்லாப் பக்கமும் வழிந்தது. பகவதி அம்மாள் தன்னையறியாமல் குலவையிட்டாள். அப்போது வீடு ஒரு மூச்சு விட்டது, பாரத்தை இறக்கிவைத்த ஆள் விடுகிற மூச்சு, சுடலைமுத்துவுக்கு நன்றாகத் தெரிந்த மூச்சு. தரை லேசாக இறங்கி மண்ணில் உட்கார்ந்தது. அதற்கப்புறம் அது அசையவில்லை.

சுடலைமுத்து தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார், கேட் வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வந்தார். பழத்தை எடுத்து வைக்கும்போது மஞ்சப்பைக்குள் கயிறு ஒன்று சுருட்டி இருப்பதை இசக்கி பார்த்துவிட்டாள். பெட்டியைக் கட்டக் கொண்டுவந்த கயிறு.

“எல்லாம் இருக்கு. சுவத்துல ஒரு ஆணியக் காணமே” என்றார் அவர்.

“ஆணி அடிக்கக் கூடாதுப்பா” என்றாள் இசக்கி, அழுகையை அடக்கிக்கொண்டு.

எல்லோரும் செல்லத்தங்கத்தைப் பார்த்தார்கள். அவள் சுவரைப் பார்த்தாள், சுடலைமுத்துவைப் பார்த்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “ஒண்ணே ஒண்ணு” என்றாள். “அதுவும் நடுவுல வேண்டாம், ஓரமா.” லைன்மேன் பையிலிருந்து ஆணியையும் சுத்தியலையும் கொடுத்தார். சுடலைமுத்து சுவரைத் தட்டி நல்ல இடமாகப் பார்த்து மூன்று அடியில் இறக்கினார். வீடு முகம் சுளிக்கவில்லை. அவர் சட்டையைக் கழற்றி அந்த ஆணியில் மாட்டினார், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார், “ஏளா, சோத்தைப் போடு, ராத்திரி இங்கதான்” என்றார். பிறகு மஞ்சப்பையை இழுத்துக் கயிற்றை எடுத்து மைமூனிடம் நீட்டினார்.

“இது இனி எதுக்கு? துணி காயப்போட வச்சுக்கோங்க தாயி.”

மைமூன் கயிற்றை வாங்கி, இந்தச் சுவரையும் அந்தச் சுவரையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்னட்டி முழிக்க? கொடி கட்டணும்னா இன்னும் ரெண்டு ஆணி வேணும்லா” என்றாள் செல்லத்தங்கம்.